கருநீல வெளிச்சப் பெட்டி: எட்டு மாதம் ஓட்டிய பிறகு

பெட்டி வந்து இறங்கிய அன்று அதைச் சுற்றி நாலு பேர் நின்றோம். மூன்று பேர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இதுல வச்சா ஸ்போர் வந்துடுமா?" ஸ்போர் என்பது பூஞ்சையின் வித்து; தட்டில் வளரும் பூஞ்சைக்கு வெளிச்சம் காட்டி அதைப் போடவைக்கத்தான் இந்தப் பெட்டி. நாலாவது ஆள் நான். நான் எதுவும் சொல்லவில்லை. பயிர்நோய் ஆய்வகத்தில் பூஞ்சை வளர்க்கும் ஊடகம் காய்ச்சித் தட்டில் ஊற்றும் வேலையில் 19 வருடமாக இருக்கிறேன். எந்தப் பூஞ்சைக்காகவும் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

எட்டு மாதம் ஆகிவிட்டது. இப்போது சொல்லலாம்.

இந்தப் பெட்டி எதற்கு என்று தெரியாதவர்களுக்காக நாலு வரி. இலையில் புள்ளி விழுகிறது. அந்த ஓரத்தை வெட்டி, கிருமி நீக்கி, உருளைக்கிழங்கு ஊடகமான பி.டி.ஏ. தட்டில் வைத்தால் ஒரு வாரத்தில் பூஞ்சை தட்டு முழுக்கப் பஞ்சு மாதிரி படர்ந்துவிடும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது எந்தப் பூஞ்சை என்று கேட்டால் பஞ்சைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆல்டர்நேரியா, பைபோலாரிஸ், கர்வுலேரியா எல்லாம் தட்டில் சாம்பலோ கறுப்போ ஒரே மாதிரிதான் கிடக்கும். அடையாளம் ஸ்போரில் இருக்கிறது: அதன் வடிவம், குறுக்குச் சுவர் எத்தனை, நெடுக்குச் சுவர் உண்டா, தனியாக நிற்கிறதா சங்கிலியாகக் கோத்திருக்கிறதா. மரபணு வரிசை பார்க்கலாம்தான். பார்த்துவிட்டு வந்தவர்களும் கடைசியில் நுண்ணோக்கி பக்கம் வந்து, "அக்கா, ஒரு ஸ்லைடு போட்டுக் குடுங்க" என்று நிற்பதைத்தான் தினமும் பார்க்கிறேன்.

பூஞ்சை ஏன் ஸ்போர் போடாமல் அடம்பிடிக்கிறது என்பதற்குப் பெரும்பாலும் காரணம் நாம் போடும் சாப்பாடு. பி.டி.ஏ.வில் லிட்டருக்கு 200 கிராம் உருளைக்கிழங்கின் சாறும் 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸும் இருக்கின்றன. உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு என்பார்கள்; பூஞ்சைக்கும் உண்டு. சாப்பாடு இருக்கும்வரை இழையாகப் படர்ந்துகொண்டே இருக்கும், இனப்பெருக்கத்தைப் பற்றி நினைக்காது. வளர்ச்சிக்குத் தடை வரும்போதுதான் இனப்பெருக்கம் தொடங்குகிறது என்று ஜெர்மானியத் தாவரவியலாளர் கேயார்க் கிளெப்ஸ் நூறு வருடத்துக்கு மேல் முன்பே எழுதிவைத்துவிட்டார். பசி, காயம், வெளிச்சம், வெப்ப மாற்றம் இவற்றில் ஏதாவது ஒன்று அதை உலுக்க வேண்டும். இந்தப் பெட்டி அதில் வெளிச்சத்தை மட்டும் தருகிறது. அதை மறந்துவிட்டு வாங்குகிறவர்கள்தான் பிறகு திட்டுகிறார்கள்.

சரி, பெட்டிக்கு வருவோம். இரண்டு அடி ட்யூப் இரண்டு, மேல் மூடியின் அடியில் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தியிருக்கிறது. இரண்டு கம்பித் தட்டு அடுக்குகள், முன்னால் ஒரு கண்ணாடிச் சன்னல் வைத்த கதவு, பின்பக்கம் முள் வைத்த ஒரு டைமர். உள்ளே வெள்ளை பெயின்ட். இவ்வளவுதான். குளிர்பதனம் கிடையாது, ஈரப்பதக் கட்டுப்பாடு கிடையாது. ஒரே வெப்பநிலையில் வைத்து வளர்க்கும் இன்குபேட்டர் என்று நினைத்து வாங்காதீர்கள். வெளிச்சம் போட்டு அணைக்கும் ஒரு அலமாரி.

விஷயம் எல்லாம் ட்யூபில் இருக்கிறது. அணைத்திருக்கும்போது கறுப்பாகத் தெரியும் கண்ணாடி, எரியும்போது மங்கிய கத்தரிப்பூ நிறம். அது வெளியே விடுவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத, புற ஊதாவின் நீண்ட அலைப் பகுதி. உச்சம் 365 நானோமீட்டரை ஒட்டி. நம் கண்ணுக்குத் தெரியும் கத்தரிப்பூ வெளிச்சம் வெறும் கசிவு. ட்யூபின் முனையில் அச்சடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள்: பிலிப்ஸ் குறியீட்டில் 18W/08 என்றால் இந்தக் கருநீல வகை. அந்த 08 முக்கியம். 1960-களில் அமெரிக்காவின் ஒரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் லீச் என்பவர் பூஞ்சைகளை வரிசையாக இந்த வெளிச்சத்தில் வைத்து, எது ஸ்போர் போடுகிறது, எது போடவில்லை என்று ஆண்டுக்கணக்கில் பார்த்தார். கருநீல ட்யூப் பயிர்நோய் ஆய்வகங்களுக்குள் வந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

எங்களுக்கு வந்த பெட்டியில் 08 இல்லை. அதுதான் இந்தக் கதையின் முதல் சண்டை.

பெட்டியைப் பிரித்து, பிளக்கில் மாட்டி, சுவிட்சைப் போட்டேன். எரிந்தது. நீல வெளிச்சம். எல்லோருக்கும் சந்தோஷம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே கால் மணிநேரம் தட்டுகளை அடுக்கினேன். அன்று இரவு படுக்கப்போன பிறகு இரண்டு கண்ணிலும் மணலை அள்ளிப் போட்டது போல ஒரு உறுத்தல். தண்ணீர் விட்டுக் கழுவினேன், நிற்கவில்லை. விடிய விடியத் தூக்கம் இல்லை. காலையில் வந்து ட்யூபை அணைத்துவிட்டுப் பார்த்தால் கண்ணாடி கறுப்பாக இல்லை. உள்ளே இருக்கும் சுருள் கம்பி தெரியும்படி பளிங்கு மாதிரி தெளிவாக இருந்தது. வடிகட்டிய காற்று வீசும் லேமினார் ஃப்ளோ மேடையில் கிருமி கொல்லப் போடுகிறோமே, அதே 254 நானோமீட்டர் ட்யூப். கட்டும்போது மாற்றி மாட்டிவிட்டார்கள். 19 வருட அனுபவம் என்று மேலே பெருமையாக எழுதிவிட்டேன். ட்யூபைப் பார்க்காமல் பிளக்கை மாட்டியதும் அதே அனுபவசாலிதான்.

வேடிக்கை என்னவென்றால் உள்ளே இருந்த பூஞ்சைக்கு ஒன்றுமே ஆகவில்லை. பெட்ரி தட்டின் பாலிஸ்டைரீன் மூடி 254-ஐ உள்ளே விடாது. மூடிக்கு அடியில் அது பாட்டுக்கு நிம்மதியாகப் படர்ந்துகொண்டிருந்தது. அடி வாங்கியது என் கண் மட்டும். கருநீல ட்யூபின் நீண்ட அலை அந்த மூடியைத் தாண்டி உள்ளே போகும். அதனால்தான் மூடியைத் திறக்காமலே வேலை நடக்கிறது. இரண்டுக்கும் பெயர் "யூ.வி. ட்யூப்" என்பதால் வரும் வினை இது. வாங்கும்போது "யூ.வி." என்று மட்டும் சொல்லாதீர்கள், அலைநீளத்தைச் சொல்லுங்கள்.

விற்றவர்களுக்குப் போன் செய்தேன். முதலில் பேசியவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. "ப்ளூ கலர்தானே மேடம், எரியுதில்ல?" என்றார். இரண்டாவது ஆளுக்குத் தெரிந்திருந்தது. பத்து நாளில் சரியான ட்யூப் அனுப்பினார்கள், பழையதையும் எடுத்துக்கொண்டார்கள். அந்த அளவில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கதவைத் திறந்தால் விளக்கு தானாக அணைகிற சின்ன சுவிட்ச் ஒன்று இந்தப் பெட்டியில் இல்லை. அது இருந்திருந்தால் என் கண் தப்பித்திருக்கும். இதை நான் மன்னிப்பதாக இல்லை. இப்போது கதவில் சிவப்பு எழுத்தில் "அணைத்துவிட்டுத் திற" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

சரியான ட்யூப் வந்த பிறகும் முதல் மூன்று வாரம் பெரிய பலன் இல்லை. காரணம் கூட வந்த கையேடு. "சிறந்த பலனுக்கு 24 மணிநேரமும் தொடர் வெளிச்சம்" என்று அதில் போட்டிருந்தது. நானும் அப்படியே ஓட்டினேன். பெரிய ஸ்போர் போடும் ஆல்டர்நேரியா ஒன்று, தக்காளி இலையில் வளையம் வளையமாகப் புள்ளி போடுமே அந்த இனம், அதை ஸ்டீரியோ நுண்ணோக்கியில் பார்த்தால் ஸ்போரைத் தாங்கும் காம்புகள் மட்டும் குச்சி குச்சியாக நின்றன. நுனியில் ஸ்போர் இல்லை. கம்பம் நட்டுக் கொடி ஏற்றாமல் விட்டது போல.

அப்போதுதான் உறைத்தது. ஆல்டர்நேரியா, ஸ்டெம்ஃபிலியம் மாதிரியான பூஞ்சைகளுக்கு இது இரண்டு கட்ட வேலை. காம்பு எழும்ப வெளிச்சம் வேண்டும். அந்தக் காம்பின் நுனியில் ஸ்போர் உருவாக இருட்டு வேண்டும். வெளிச்சம் தொடர்ந்தால் இரண்டாவது கட்டம் தடைபடும். சூடு அதிகமானால் இன்னும் மோசம். லீச்சின் ஆய்வுகளில் இருப்பதும் இதுதான். வயலில் பகலும் இரவும் மாறி மாறி வருகிறதே, பூஞ்சை அந்தக் கணக்கில் பழகியது. பெட்டிக்குள் நாம் இரவை எடுத்துவிட்டோம்.

டைமரை 12 மணிநேரம் வெளிச்சம், 12 மணிநேரம் இருட்டு என்று மாற்றினேன். நாலாவது நாள் காலை, விளக்கு எரிய ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே வந்து ஒரு தட்டை எடுத்து நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தேன். அதை எழுதித்தான் ஆக வேண்டும். முந்தின நாள் வெறும் குச்சியாக நின்ற ஒவ்வொரு காம்பின் தலையிலும் ஒரு பழுப்புக் கதை. பீமன் கையில் பிடித்திருக்கும் கதைதான். ஆனால் தலைகீழாக, பருத்த பக்கம் காம்பில் ஒட்டியிருக்க, நுனி மெலிந்து நீண்ட அலகாக மேலே போகிறது. சில அலகுகள் உடம்பை விட நீளம். பக்கவாட்டில் இருந்து விளக்கைத் திருப்பினால் தட்டு முழுக்கக் கரும்புல் காடு போல மின்னியது. செல்லோடேப்பை லேசாக ஒற்றி எடுத்து லாக்டோஃபீனால் காட்டன் ப்ளூ என்ற நீலச் சாயம் ஒரு சொட்டில் வைத்து 40 லென்ஸில் பார்த்தேன். குறுக்குச் சுவரும் நெடுக்குச் சுவரும் செங்கல் அடுக்கியது போல. ஒவ்வொன்றும் தனியாக, சங்கிலி இல்லை. பெயர் எழுத இதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

வெளிச்சத்துக்காக வாங்கிய பெட்டி எங்களுக்குப் பயன்பட்டது அது அணைந்த நேரத்தில்தான். அந்தக் கையேட்டை இழுப்பறையில் போட்டுவிட்டேன்.

ஆனால் இருட்டும் சும்மா வரவில்லை. முன்பக்கக் கண்ணாடிச் சன்னல் பார்க்க வசதி. இரவில் அதுவே எதிரி. ஆராய்ச்சி மாணவர்கள் ராத்திரி பதினோரு மணி வரை ட்யூப் லைட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அந்த வெளிச்சம் நேராக உள்ளே போகும். முன் வரிசையில் இருந்த தட்டுகளில் ஸ்போர் குறைவாகவும் பின் வரிசையில் அதிகமாகவும் வந்ததை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். கறுப்புத் துணியை இரண்டு மடிப்பாகத் தைத்துத் திரைச்சீலை மாதிரி தொங்கவிட்டேன். அதன் பிறகு முன்னும் பின்னும் ஒன்றுபோல் வந்தது.

டைமர் இன்னொரு தொல்லை. வட்டத் தகட்டைச் சுற்றி 96 முள், ஒரு முள்ளுக்கு 15 நிமிடம். மின்சாரம் போனால் அதன் கடிகாரமும் நின்றுவிடும். இரண்டு மணிநேரம் மின்சாரம் இல்லையென்றால் அதன் இரவு இரண்டு மணிநேரம் தள்ளிப்போகும். ஒரு மாதத்தில் பெட்டியின் பகலும் எங்கள் பகலும் பொருந்தாமல் போயிருந்தது. நான் காலையில் கதவைத் திறக்கும் நேரம் பூஞ்சைக்கு நடு இரவு. உள்ளே பேட்டரி வைத்த டிஜிட்டல் டைமர் ஒன்றை வாங்கி வெளியே மாட்டிவிட்டேன். இதை முதலிலேயே வைத்துக் கொடுத்திருக்கலாம்.

சூடு. இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். சோக்கைப் பெட்டிக்குள்ளேயே, ட்யூபுக்குப் பக்கத்தில் திருகியிருக்கிறார்கள். இரண்டு சிறிய வெப்பமானி வைத்துப் பார்த்தேன். அறையில் 25 டிகிரி இருக்கும்போது கீழ் அடுக்கில் 27, மேல் அடுக்கில் 31. மேல் அடுக்கில் மூடியின் உள்பக்கம் வேர்த்து, சொட்டு விழுந்து, படர்ந்த பூஞ்சையின் நடுவில் குளம் கட்டியது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சோக்கை வெளியே பின்பக்கத்துக்கு மாற்றச் சொன்னேன். அரை மணிநேர வேலை. அதற்குப் பிறகு மேலே 28-ஐத் தாண்டவில்லை. எலெக்ட்ரானிக் சோக் போட்டால் இன்னும் குறையும் என்றார், போடவில்லை.

தட்டு அடுக்கும் விஷயத்தில் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். இன்குபேட்டரில் வைத்துப் பழகிய கை, ஆறு தட்டை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைக்கும். இங்கே அது கூடாது. மேல் தட்டுக்கு மட்டும்தான் வெளிச்சம் போகும். கவிழ்த்து வைத்தால் வெளிச்சம் ஊடகத்தைத் துளைத்துக்கொண்டு பூஞ்சையை எட்ட வேண்டும். அதுவும் வி-8 ஊடகம் சுண்ணாம்பு கலந்து மோர் மாதிரி கலங்கியிருக்கும். மூடி மேலே, ஒற்றை வரிசை, ட்யூபுக்கும் தட்டுக்கும் நடுவே சுமார் ஒரு முழம். பாரஃபில்ம் என்ற மெழுகு நாடாவைச் சுற்றி இறுக்காதீர்கள், கொஞ்சம் காற்று வேண்டும். தூசும் பூச்சியும் வராமல் இருந்தால் போதும்.

வி-8 என்றேன். பெட்டியைப் பற்றிப் பேசும்போது ஊடகத்தை விட்டுவிட்டால் பாதிக் கதைதான். அது எட்டுக் காய்கறி, கீரைகளைப் பிழிந்த ஒரு சாறு, தக்காளிதான் அதில் பெரும்பங்கு. 1955-இல் மில்லர் என்பவர் அதைப் பூஞ்சை ஊடகமாக எழுதினார், அன்றிலிருந்து ஆய்வகங்களை விட்டுப் போகவில்லை. லிட்டருக்கு 200 மில்லி சாறு, 3 கிராம் கால்சியம் கார்பனேட், உறையவைக்க 15 கிராம் அகார், மீதி தண்ணீர். சாறு புளிப்பு, கார்பனேட் அந்தப் புளிப்பை முறிக்கிறது. நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோக்ளேவில் இருந்து எடுத்த பிறகு கார்பனேட் அடியில் தங்கிவிடும், ஊற்றும்போது குடுவையைச் சுழற்றிக்கொண்டே ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் முதல் தட்டு தண்ணீராகவும் கடைசித் தட்டு சுவருக்கு அடிக்கும் வெள்ளையாகவும் இருக்கும். என் கணக்கில், நல்ல ட்யூபும் பி.டி.ஏ.வும் சேர்ந்து தருவதைவிடச் சுமாரான ட்யூபும் வி-8-உம் சேர்ந்து தருவது அதிகம்.

பெட்டியோடு "ஸ்போர் ஊக்கி ஊடகம்" என்று ஒரு பொட்டலமும் இலவசமாக வந்தது. பின்பக்கம் எழுதியிருந்ததைப் படித்தேன்: உருளைக்கிழங்குச் சாறு, டெக்ஸ்ட்ரோஸ், அகார், லிட்டருக்கு 39 கிராம். சாட்சாத் பி.டி.ஏ. ஊக்கியாம்!

எட்டு மாதத்தில் உள்ளே போய்வந்த பூஞ்சைகளைப் பற்றி இனி. எல்லாவற்றுக்கும் பெட்டி தேவை என்று நினைக்க வேண்டாம். சின்ன ஸ்போரைச் சங்கிலியாகக் கோக்கும் ஆல்டர்நேரியா ஆல்டர்நேட்டாவுக்கு எந்த விளக்கும் வேண்டாம். மேசை ஓரத்தில் மறந்துவிட்டாலே ஸ்போரைக் கொட்டித் தள்ளும், கொட்டிப் பக்கத்துத் தட்டையும் கெடுக்கும். கொலெட்டோட்ரிக்கம் பெரும்பாலும் சாதாரண வெள்ளை ட்யூப் வெளிச்சத்திலேயே ஆரஞ்சு நிறத்தில் பிசின் பிசினாக ஸ்போர்த் திரளைக் காட்டிவிடும். என் தட்டுகளில் ஏறக்குறைய பாதி, பெட்டி இல்லாமலே நடந்திருக்கும்.

பெட்டி தன் வேலையைக் காட்டுவது இடைப்பட்ட கூட்டத்தில்: வரும் ஆனால் கெஞ்சணும் என்கிற ரகம். பெரிய ஸ்போர் ஆல்டர்நேரியாவைச் சொன்னேன். அதிலும் அடம்பிடிக்கும் கல்ச்சருக்கு, அதாவது தட்டில் வளர்த்த பூஞ்சைக்கு, வளர்ந்த இழையைக் கண்ணாடித் துண்டின் ஓரத்தால் லேசாகச் சுரண்டி, கிருமி நீக்கிய தண்ணீரில் அலசி ஊற்றிவிட்டு, மூடியைக் கொஞ்சம் சாய்த்து வைத்து உள்ளே வைப்பேன். காயமும் பசியும் வெளிச்சமும் ஒரே நேரத்தில். ஊடகத்தோடு துண்டு துண்டாக வெட்டிச் சுண்ணாம்பு ஊடகத்தின் மேல் வைக்கும் முறையும் உண்டு, 1979-இல் ஷாஹினும் ஷெப்பர்டும் எழுதியது. அதற்குக் குளிர்ச்சியான இடம் வேண்டும், இந்தப் பெட்டிக்குள் நடக்காது.

ஃபோமா போன்றவை தரும் காட்சி வேறு. பகல் இரவு மாறி மாறி வருவதால் தட்டில் மரத்தின் ஆண்டு வளையம் போல வட்டம் வட்டமாகக் கறுப்புப் புள்ளி விழும். ஒரு நாளைக்கு ஒரு வளையம். எண்ணினால் பெட்டியில் எத்தனை நாள் இருந்தது என்று சொல்லிவிடலாம். ஒவ்வொரு புள்ளியும் ஒரு குடுவை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அதன் வாயிலிருந்து இளஞ்சிவப்பாக, பற்பசையை அழுத்தினால் வருமே அப்படி, ஸ்போர் இழை சுருண்டு சுருண்டு வெளியே வரும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். கிளையைக் காயவைக்கும் பூஞ்சைகளில் டிப்ளோடியா வகைக்கு வெறும் அகார் தட்டில் கிருமி நீக்கிய பைன் ஊசியிலையைப் போட்டு உள்ளே வைக்கிறோம். ஊசியிலை மேல் கறுப்புக் கொப்புளமாக வெடித்து வரும்.

ஃபியூசேரியத்துக்கு இலைதான் ராஜா. கார்னேஷன் இலையைச் சின்னச் சின்னதாக வெட்டி, காய்ந்த பிறகு காமாக் கதிரில் கிருமி நீக்கி, வெறும் தண்ணீர் அகாரில் போடுகிற முறை 1982-இல் வந்தது. பி.டி.ஏ.வில் ஒவ்வொன்று ஒவ்வொரு அளவில் கோணல் மாணலாக வரும் பிறைவடிவ ஸ்போர், இலைத்துண்டின் மேல் வரும் ஆரஞ்சு மெத்தையில் அச்சில் வார்த்தது போல ஒரே அளவில் வரும். பெட்டியின் வெளிச்சம் அந்த மெத்தையைச் சீக்கிரம் எழுப்புகிறது. அவ்வளவுதான், அங்கே நாயகன் இலை.

வராதவை? ஒரு மாணவன் நாலு வாரமாக ஒரு தட்டைப் பெட்டிக்குள் வைத்து வைத்து எடுத்தான். "அக்கா, பெட்டி வேலை செய்யல. பழுப்பு இழை மட்டும்தான் இருக்கு, ஒரு ஸ்போர்கூட இல்ல." தட்டை வாங்கி ஸ்லைடு போட்டேன். இழை செங்கோணத்தில் கிளைக்கிறது, கிளை தொடங்கும் இடத்தில் இடுப்பு ஒடுங்கியிருக்கிறது, கொஞ்சம் தள்ளி ஒரு சுவர். ரைசோக்டோனியா. "தம்பி, இது கொனிடியாவே, அதான் நீ தேடுற ஸ்போரே, போடாத பூஞ்சை. நாலு வாரம் இல்ல, நாலு வருசம் வச்சாலும் இதேதான்." அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பெட்டியைக் குறை சொல்லும் முன் உள்ளே இருப்பது யார் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. யார் என்று பார்க்கத்தான் பெட்டியே வாங்கினோம்.

இன்னொரு வகை உண்டு. முதலில் நன்றாக ஸ்போர் போட்டுவிட்டு, பி.டி.ஏ.வில் திரும்பத் திரும்ப மாற்றி மாற்றி வளர்த்ததில் வெறும் வெள்ளைப் பஞ்சாகிவிட்ட கல்ச்சர். அதைப் பெட்டியில் வைத்தால் சில சமயம் ஓரத்தில் ஒரு திட்டு மட்டும் கறுக்கும். பெரும்பாலும் அதுவும் இல்லை. ஒற்றை ஸ்போரில் இருந்து எடுத்த முதல் கல்ச்சரைச் ஊடகத்தைச் சாய்வாக உறையவைத்த குழாயில் பத்திரமாக வைத்திருந்தால் இந்த அழுகை இல்லை. இதற்கு எந்தக் கருவி விற்பவரிடமும் மருந்து கிடையாது.

பராமரிப்பு என்று பார்த்தால் குறைவுதான். ட்யூப் சாதாரண ஹோல்டரில் மாட்டுவது, எங்கும் கிடைக்கும் அளவு. இதற்காக விற்றவர்களிடமே தொங்க வேண்டியதில்லை. இது இந்தப் பெட்டியின் பெரிய நல்ல குணம். ஆனால் ட்யூப் வயதாவது கண்ணுக்குத் தெரியாது. கத்தரிப்பூ வெளிச்சம் அப்படியே இருக்கும், கண்ணுக்குத் தெரியாத பகுதி இறங்கிக்கொண்டே போகும். மாட்டிய தேதியை மார்க்கரில் ட்யூபின் தகர மூடியில் எழுதி வைத்திருக்கிறேன், வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவதாக எண்ணம். மாதம் ஒரு முறை ஸ்பிரிட் துணியால் தூசு துடைக்கிறேன்.

யூ.வி. எல்.இ.டி. டார்ச்சை மாட்டிக்கொண்டால் போதாதா என்று கேட்டவர்கள் உண்டு. மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் 395-இலிருந்து 405 நானோமீட்டர், அதாவது கிட்டத்தட்ட கண்ணுக்குத் தெரியும் ஊதா. ஒன்றை வாங்கி ஒரு வாரம் வைத்துப் பார்த்தேன். அடம்பிடிக்கும் ஆல்டர்நேரியாவில் காம்பு அங்கொன்றும் இங்கொன்றுமாக எழும்பியது. அத்தோடு சரி. டார்ச் இப்போது ஸ்டோர் ரூமில் இருக்கிறது.

இப்போது கேட்டால், இதே பெட்டியை இதே வடிவத்தில் மறுபடி வாங்குவேனா? மாட்டேன். ஏற்கெனவே அறையில் வெப்பநிலையைக் கட்டுப்படுத்த வழி இருக்கிறதென்றால் இரண்டு 08 ட்யூப், அதை மாட்ட ஒரு பட்டி, வெளியே வைக்க ஒரு சோக், பேட்டரி உள்ள டைமர், ஒரு கறுப்புத் துணி. ஒரு மதிய வேளையில் கட்டிவிடலாம். தச்சரும் எலக்ட்ரீஷியனும் கைக்கு எட்டாத ஆய்வகத்துக்கு இந்தப் பெட்டி பரவாயில்லை. ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். ட்யூப் தவறு திருத்தப்பட்டதால் அதற்காகக் குறைக்கவில்லை. ஒன்று கதவு சுவிட்சுக்காகவும் ஒன்று அந்தக் கையேட்டுக்காகவும் போகிறது.

கீழ் அடுக்கில் ஒரு செர்கோஸ்போரா தட்டு மூன்றாவது வாரமாக உட்கார்ந்திருக்கிறது. சாம்பல் நிற மேடு, அடியில் ஊடகம் மட்டும் சிவந்துகொண்டு வருகிறது. வி-8-இல் போட்டாயிற்று, சுரண்டியாயிற்று, இலைத்துண்டும் வைத்தாயிற்று. நேற்று மாலை விளக்கு அணையும் முன் பார்த்தேன், ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை திரும்பவும் திறந்து பார்க்க வேண்டும்.